கடைசல் பட்டறையும் கல்விக்கூடமும்

பெங்களூரிலிருந்து மைசூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் சென்றால் சென்னபட்டணத்தை அடைகிறோம். கர்நாடகத்தில் வாழும் தமிழர்களாகிய நம் இல்லங்களில், நவராத்திரிக் கொலுவிலேனும் குழந்தையின் கையிலேனும், அவ்வூரின் அரக்கு வண்ணப் பொம்மை ஒன்றைக் காணலாம். அப்பொம்மையைச் செய்யும் வித்தை தலைமுறை தலைமுறையாக எங்ஙனம் கற்பிக்கப்பட்டு வந்தது என்பதை இன்று சிந்திப்போம்.

1782 முதல் 1799 வரை மைசூரை ஆண்ட திப்பு சுல்தான், பாரசீகத்திலிருந்து வினைஞர்களை வரவழைத்து இக்கலையைக் கற்பிக்கச் செய்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. பிற்காலத்தில் ஜப்பானிய முறைகளைத் தழுவி இதனைச் செம்மைப்படுத்தியவர் என்று பாவாஸ் மியானை ஊரார் போற்றுகின்றனர். கன்னடத்தில் 'ஆலெ மர' என்பது இத்தொழிலுக்குரிய மரம். பெயரைக் கேட்டு நம் ஆலமரம் என்று மயங்கவேண்டா; தமிழில் வெட்பாலை எனப்படும் மென்மரமே அது.

இவ்வித்தைக்கு வீடே முதற்பள்ளி. பழைய பட்டறையில் வில்லின் நாணை மரத்துண்டின்மீது சுற்றி, ஒரு கையால் வில்லை இழுத்து, மறுகையால் உளியைப் பிடிப்பர். மரம் முன்னும் பின்னுமாக மாறிமாறிச் சுழலும். தன்னை நோக்கிச் சுழலும் கணத்தில் மட்டுமே உளி அதனைத் தீண்டலாம். இக்கணத்தை எந்த நூலும் கற்பிக்க இயலாது. தந்தையின் அருகமர்ந்த சிறுவன் ஓசையைக் கேட்டே உணர்ந்தான். கடைந்தபின் சுழலும் மரத்தில் வண்ண அரக்குக் கட்டியை அழுத்தினால், உராய்வின் வெப்பத்தால் அரக்கு இளகிப் படியும். தாழை மடலால் அழுத்தித் தேய்க்க, அது பளபளப்புறும். மின்விசை வந்தபின் சுழற்சி ஒரே திசையில் சீராயிற்று. கையின் பயிற்சியோ முன்போலவே தேவைப்படுகிறது.

எனினும் வீட்டுப்பள்ளிக்கு ஒரு குறை உண்டு. அவ்வீட்டில் பிறவாதவனுக்கு அதன் கதவு எளிதில் திறவாது. பிள்ளைகள் வேறு தொழில் நாடினால் வித்தையும் அவ்வீட்டோடு நின்றுவிடும். இக்குறையை நீக்கப் பொதுக்கூடம் வேண்டியதாயிற்று. கர்நாடக மாநிலக் கைவினை வளர்ச்சிக் கழகம் சென்னபட்டணத்தில் 32 கடைசல் இயந்திரங்கள் கொண்ட அரக்குவேலைக் கூடம் ஒன்றை நிறுவியது. 2005-06-ஆம் ஆண்டில் இப்பொம்மைகளுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆயினும் 2006-ஆம் ஆண்டுக் கணக்கின்படி அங்கிருந்த சிறு தொழிற்சாலைகள் 50; வீட்டுத் தொழிற்கூடங்களோ 254. பொதுக்கூடம் வந்த பின்னரும் தொழிலின் வேர் வீட்டிலேயே இருந்தது என்பதற்கு இவ்வெண்களே சான்று.

இக்கலை நமக்கு அயலானதன்று. நெல்லைச் சீமையின் அம்பாசமுத்திரத்தில் நம் சிறுமியர் விளையாடிய மரச்செப்புச் சாமான்களும் கடைந்து அரக்கேற்றப்பட்டவையே. மலிவான பிளாஸ்டிக் பொம்மைகள் இரண்டு ஊர்களையும் ஒருங்கே நெருக்கின. வாங்குவோர் குறைந்தால் கற்போர் குறைவர். கற்போர் குறைந்தால், உளியின் ஓசையறிந்த செவி ஒரு தலைமுறைக்குள் மறைந்துவிடும். பின்னர் இயந்திரங்களை மட்டும் வைத்துக்கொண்டு என் செய்வது?

ஆதலின் வீட்டில் கடைசல் பட்டறை அமைத்து மாணவர்க்குக் கற்பிக்க விழைவோர் இவ்வரலாற்றைக் கருத்திற் கொள்ளல் நலம். இயந்திரங்களைப் பெருக்குமுன் ஆசானின் அருகே மாணவன் நிற்க இடம் வேண்டும். உளி தீட்டுதலே முதற்பாடமாகட்டும்; உலர்ந்த மென்மரத்தில் கை பழகட்டும்; தொங்கும் உடையும் அவிழ்ந்த கூந்தலும் சுழலும் மரத்தை அணுகாதிருக்கட்டும். அனைத்திற்கும் மேலாக, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அக்கதவு திறந்திருக்கட்டும். வீட்டின் அணுக்கமும் பள்ளியின் பொதுமையும் ஒருங்கே அமைந்தால்தான் இவ்வித்தை வாழும்.