ஸாஹித் குறைஷியின் நீதி இருக்கை

நீதி வழங்கும் பொறுப்பைத் தேடிச் செல்ல நம் முன்னோர் அஞ்சினர். கலீஃபா மன்சூர் அளிக்க முன்வந்த காழிப் பதவியை இமாம் அபூஹனீஃபா (ரஹ்) மறுத்தார்கள். அதன் காரணமாகச் சிறைப்பட்டார்கள் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அவர்களுடைய தலைமாணாக்கர் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அப்பதவியை ஏற்று, ஹாரூன் ரஷீதின் ஆட்சியில் தலைமைக் காழியாக விளங்கினார்கள். ஆசிரியரின் மறுப்பையும் மாணவரின் ஏற்பையும் ஹனஃபீ மத்ஹபு ஒருங்கே போற்றி வந்துள்ளது. இவ்விரு நிலைகளையும் நினைவில் கொண்டு, 2021ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு நீதிபதி நியமனத்தை நோக்குவோம்.

அமெரிக்காவின் முதல் நீதித்துறைச் சட்டம் 1789இல் இயற்றப்பட்டது. அன்று 13 கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்கள் தோன்றின. இன்று அவை 94. பெயரில் ‘மாவட்டம்’ என்றிருப்பினும் இவை நம் நாட்டு மாவட்ட நீதிமன்றங்களைப் போன்றவை அல்ல. நாடு முழுமைக்குமான சட்டங்களின் கீழ் எழும் வழக்குகளில் சாட்சிகளை நேரில் கேட்டு விசாரிக்கும் முதல்நிலை மன்றங்கள் இவையே. குடியரசுத் தலைவர் பெயரை முன்மொழிவார். செனட் அவையின் நீதித்துறைக் குழு அவரை அழைத்து வினவும். பின்னர் செனட் வாக்களிக்கும். ஒப்புதல் பெற்றவர் நன்னடத்தை உள்ளவரை ஆயுட்காலம் முழுதும் பதவி வகிப்பார். ஆகவேதான் ஒவ்வொரு நியமனத்தின்போதும் அங்கே கட்சிகள் கடுமையாக மோதுகின்றன.

இவ்விருக்கைக்கு முதன்முதலாக முன்மொழியப்பட்ட முஸ்லிம், வழக்கறிஞர் ஆபித் குறைஷி ஆவார். 2016 செப்டம்பரில் அதிபர் ஒபாமா அவரைத் தலைநகர் வாஷிங்டனின் மாவட்ட நீதிமன்றத்திற்கு முன்மொழிந்தார். அது தேர்தல் ஆண்டு. செனட்டோ எதிர்க்கட்சியின் வசம் இருந்தது. உச்ச நீதிமன்றத்திற்கு முன்மொழியப்பட்ட மெரிக் கார்லண்டையே விசாரணைக்கு அழைக்காத அவை, இவரையும் அழைக்கவில்லை. 2017 ஜனவரியில் அம்முன்மொழிவு காலாவதியாயிற்று. இதனை முழுவதும் மதக் காழ்ப்பு என்று எழுதிவிடுதல் நேர்மையாகாது.

ஐந்தாண்டுகள் கழித்து வந்தவர் ஸாஹித் குறைஷி. பாகிஸ்தானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்து, நியூஜெர்ஸியில் வளர்ந்தவர். 2000ஆம் ஆண்டில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் சட்டப்பட்டம் பெற்றார். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, முஸ்லிம் பெயர்களே ஐயத்திற்குரியனவாகிவிட்ட நாட்களில், அவர் ராணுவத்தின் சட்டப் பிரிவில் சேர்ந்தார். 2004இலும் 2006இலும் இராக்கில் பணியாற்றினார். பின்னர் குடியேற்ற அமலாக்கத் துறையின் சட்ட அலுவலராகவும், நியூஜெர்ஸியில் அரசுத் தரப்பு வழக்கறிஞராகவும், தனியார் சட்ட நிறுவனமொன்றின் பங்குதாரராகவும் இருந்தார். 2019இல், எட்டாண்டுக் காலவரையறை கொண்ட மாஜிஸ்திரேட் நீதிபதி பதவி அவருக்குக் கிடைத்தது. மருத்துவரான அவர் தந்தை, மகனின் அடுத்த உயர்வைக் காணாமலேயே 2020 ஏப்ரலில் கொரோனா தொற்றால் மறைந்தார்.

2021 ஏப்ரலில் செனட் குழுவின் முன் அவர் அமர்ந்தபோது, ஷரீஅத் சட்டம் குறித்து அவர் அறிந்தது என்ன என்று வினவப்பட்டது. வினவியவர் பகைவர் அல்லர். குழுத் தலைவரும் அவரை ஆதரித்தவருமான டிக் டர்பின். தாம் நியூயார்க்கில் பிறந்து நியூஜெர்ஸியில் வளர்ந்தவர் என்றும், ஷரீஅத் சட்டம் பற்றித் தாம் ஏதும் அறியார் என்றும் குறைஷி விடையளித்தார். மார்க்கத்தின் நெறிமுறையைத் தமக்கு அந்நியமானதுபோல் விலக்கிவிட்டார் என்று முஸ்லிம்களில் சிலர் வருந்தினர்.

வருத்தம் இயல்பானதே. ஆயினும் விடையைவிட வினாவே ஆராயத்தக்கது. எந்த அரசுப் பதவிக்கும் மதச் சோதனை கூடாது என்பது அமெரிக்க அரசியல் சாசனத்தின் ஆறாம் பிரிவு. 2017இல் கத்தோலிக்கரான ஏமி கோனி பாரட்டிடமும் அவருடைய சமயப்பற்றைக் குறித்து வினவப்பட்டதுண்டு. எனவே முஸ்லிம்கள் மட்டுமே இவ்வாசலில் நிறுத்தப்படுகிறார்கள் எனல் பொருந்தாது. ஆனால் நண்பரே முன்வந்து இக்கேள்வியை எழுப்பி ஐயத்தைக் களைய வேண்டியிருந்தது என்பதே, அந்த ஐயம் எவ்வளவு ஆழமாக வேரோடியிருந்தது என்பதற்குச் சான்று.

இராக் பணியையும் குடியேற்றத் துறைப் பணியையும் சுட்டி, இந்நியமனத்தைத் தங்கள் வெற்றியாகக் கொண்டாட இயலாது என்று கூறிய முஸ்லிம்களும் இருந்தனர். 2021 ஜூன் 10 அன்று 81 வாக்குகள் ஆதரவாகவும் 16 எதிராகவும் பதிவாகி, குறைஷி நியமனம் உறுதியாயிற்று. 232 ஆண்டுகளில், ஆயுட்காலக் கூட்டாட்சி நீதிபதியான முதல் முஸ்லிம் அவரே.

இதனருகில் நுஸ்ரத் சௌத்ரியின் நியமனத்தை வைத்துப் பார்த்தல் வேண்டும். வங்கதேச வம்சாவளியினரான அவர், விமானப் பயணத் தடைப் பட்டியலையும், நியூயார்க் காவல்துறை முஸ்லிம்களைக் கண்காணித்ததையும் எதிர்த்து வழக்காடியவர். 2022 ஜனவரியில் முன்மொழியப்பட்ட அவருக்கு 2023 ஜூனில்தான் ஒப்புதல் கிடைத்தது: 50க்கு 49. அரசின் சார்பில் நின்றவருக்குக் கதவு அகலத் திறந்தது. அரசை எதிர்த்து வழக்காடியவருக்கு ஒரு வாக்கில் திறந்தது. பெயரைவிட, கடந்து வந்த பாதையே அதிகம் எடைபோடப்பட்டது. 2024 நவம்பரில் முஸ்தஃபா கசுபாய், அமீர் அலி ஆகியோரும் மாவட்ட நீதிபதிகளாயினர்.

இவர்களை நம் பிரதிநிதிகள் என்று கருதுவோமாயின், காழி என்ற சொல்லின் பொருளையே மறந்தவர்களாவோம். உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக அறியப்படும் மடலில், பார்வையிலும் இருக்கையிலும்கூட வழக்காடிகள் இருவரையும் சமமாக நடத்துமாறு அறிவுறுத்துகிறார்கள். வலியவன் சலுகையை எதிர்பார்க்கவும், எளியவன் நீதியில் நம்பிக்கை இழக்கவும் இடந்தரக் கூடாது என்பது அதன் கருத்து. தன் சமூகத்தவன் எதிர்பார்க்கும் சலுகையும் இதில் அடங்கும்.

தாம் முதலாமவராக இருப்பதைவிட நூறாவதாக இருக்கவே விரும்பியிருப்பார் என்னும் கருத்தில் குறைஷி அக்குழுவிடம் கூறினார். நூறாவது வர வேண்டுமாயின் ஒருவர் முதலாவதாக வரத்தான் வேண்டும் என்பதையும் ஏற்றார். அபூஹனீஃபாவின் அச்சமும் அபூயூசுஃபின் துணிவும் அவ்விருக்கையில் அமர்பவருக்கு ஒருசேர வேண்டும். பெயரைக் கொண்டு மகிழ்ந்த நாம், இனி அவர்தம் தீர்ப்புகளைக் கொண்டே அவர்களை மதிப்பிட வேண்டும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.