ஏரி வாரியத்தின் ஆறு பேர்

பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டையைத் தாண்டினால் பென்னலூர். கார்களை ஏற்றிய நீண்ட வண்டிகள் ஓயாமல் போகும் அந்தச் சாலையில், இது ஏரிகளின் நாடு என்பது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்திற்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகள் நிறைந்து வழிந்தால் உபரி நீர் செம்பரம்பாக்கத்தை நோக்கிப் போகும். ஒன்றின் கலங்கல் மற்றொன்றின் வரத்து. இப்படிப்பட்ட ஒரு பின்னலை யார் காத்தார்கள்?

விடை தேடி உத்திரமேரூருக்குத்தான் போகவேண்டும். குடவோலை என்றதும் அவ்வூர் நம் நினைவுக்கு வரும். பள்ளிப் பாடநூல் செய்த உபகாரம் அது, அபகாரமும் அதுவே. குடத்தையும் ஓலையையும் வியந்த நாம், அப்படித் தெரிவானவர்கள் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்க மறந்தோம்.

வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்து இரு கல்வெட்டுகள் உள்ளன. ஆண்டு 919, 921. முப்பது குடும்புகளிலிருந்து முப்பது பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், எஞ்சிய 6 பேர் ஏரி வாரியம். பதவி ஓராண்டுக்கு மட்டும். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். வயது 35க்கு மேல் 70க்குள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயர் குடத்திற்குள் போகாது. அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் போகாது. (இந்த ஒரு விதியை இன்று நடைமுறைப்படுத்தினால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று யோசித்துப் பார்க்கலாம்.)

இதைக் காட்டிப் பொற்காலம் பேச எனக்கு விருப்பமில்லை. அது பிராமணர்களின் சபை. வேதம் அறிந்திருப்பதும் தகுதிகளில் ஒன்று. கரையில் மண் சுமந்தவரின் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்ததில்லை.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அவ்வூர் ஏரியின் பெயர் வைரமேக தடாகம். பல்லவன் தந்திவர்மன் காலத்திலேயே அதைத் தூர்வாரப் பொன் கொடுத்திருக்கிறார்கள். முதலைத் தொடாமல் வட்டியைக்கொண்டு ஏரி மண்ணை அகற்றவேண்டும், பொறுப்பு சபையினுடையது. ஆக, ஏரி, அதற்கான பணம், அதன் கணக்கு மூன்றும் ஒரே ஊரின் கையில் இருந்தன.

அவை பிரிந்த கதைதான் பிற்கால வரலாறு. கும்பினியின் ஜாகீரில் 1790களில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏரிகளைச் செப்பனிட்டவர். மதுராந்தகத்தில் கரையை ராமர் காத்ததைக் கண்டவர் என்று ஊர்க்கதை அவரைச் சேர்த்துக்கொண்டது. அத்தகைய அக்கறை நிலைக்கவில்லை. 1858ஆம் ஆண்டுச் சட்டம் குடிமராமத்தைக் கட்டாய உழைப்பாக்கி, வராதவரைத் தண்டிக்கவும் வழிசெய்தது. வருவாய் அரசுக்கு, நிர்வாகம் பொறியாளருக்கு, மண்வெட்டி மட்டும் ஊராருக்கு என்றானபின் அந்த வழக்கம் தேய்ந்ததில் வியப்பில்லை.

சுதந்திர இந்தியாவிலும் அந்தப் பிரிவினை தொடர்ந்தது. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் பொதுப்பணித் துறைக்கு, சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கு. ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழகம் 2007இல் தனிச்சட்டம் இயற்றியபோது, அது பொதுப்பணித் துறையின் ஏரிகளுக்கு மட்டுமே என்று வகுத்தது. ஊராட்சியின் சிறிய ஏரி, அதாவது மனைப்பிரிவுக்காரரின் கண் முதலில் விழும் ஏரி, அச்சட்டத்திற்கு வெளியே நின்றது.

பென்னலூருக்கு மேற்கே, இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், பரந்தூர் விமான நிலையத் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டது. வயல்களோடு ஏரிகளும் குட்டைகளும் திட்டப்பரப்புக்குள் வருகின்றன. ஸ்ரீபெரும்புதூர் ஏரியை நோக்கி வரும் கம்பன் கால்வாயும் அதன் குறுக்கே ஓடுகிறது. அவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று ஏகனாபுரம் கிராம சபை திட்டத்தை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அங்கே பெண்களும் கூலித் தொழிலாளரும் கை உயர்த்தினார்கள். உத்திரமேரூர் சபை உள்ளே விடாதவர்கள் அவர்கள். ஆனால் அச்சபைக்கு இருந்த பொன்னும் அதிகாரமும் இவர்களுக்கு இல்லை. தீர்மானம் அடுத்தடுத்த சபைகளிலும் நிறைவேறியது. 2025 ஏப்ரலில் மத்திய அரசு திட்டத்திற்குக் கொள்கை அளவில் ஒப்புதல் அளித்தது. ஆகஸ்டில் ஏகனாபுரத்தில் கிராம சபை மீண்டும் கூடி, அதே தீர்மானத்தை எழுதிக்கொண்டது.