ஆலைச் சங்கும் மிதிவண்டியும்

சிறு தொகையைக் கையில் வைத்துக்கொண்டு முதல் மிதிவண்டி வாங்கப் புறப்படும் மாணவர், இன்று கடையில் 'ரோடு பைக்' என்னும் பெயரைக் கேட்கிறார். வளைந்த கைப்பிடியும், மெல்லிய டயரும், பல பற்சக்கரங்களும் கொண்ட எடை குறைந்த வண்டியை அப்பெயர் குறிக்கிறது. நம் பாட்டனார் காலத்திலோ சாலைக்கு உரியது என்று பெயர் பெற்றிருந்த வண்டி வேறு. ஆங்கிலேயர் அதனை 'ரோட்ஸ்டர்' என்றனர். கறுப்பு வண்ணம், ஏறத்தாழ 20 கிலோ எடை, நிமிர்ந்து அமரும் இருக்கை, கம்பியால் இயங்கும் பிரேக்கு ஆகியவை அதன் அடையாளங்கள். இரு வண்டிகளும் சாலையின் பெயரையே தாங்கியுள்ளன. ஆனால் எந்தச் சாலை என்று யாரும் கேட்பதில்லை. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூருக்குக் கடலை ஒட்டிச் செல்லும் சாலையை எடுத்துக்கொண்டு, அங்கு வாழ்ந்த உழைப்பாளர் தம் முதல் மிதிவண்டியை எவ்வாறு தேர்ந்தனர் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

மிதிவண்டியின் பிறப்பை விரிக்கத் தேவையில்லை. 1817 இல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் என்பவர் செய்த மரவண்டியைக் காலால் தரையை உந்தித்தான் ஓட்டவேண்டும். 1860களில் பாரிஸ் நகரில் அதற்குப் பெடல் வந்தது. பின்னர் முன்சக்கரம் ஆளுயரம் பெருத்து, விழுந்தால் எலும்பு முறியும் வண்டியாயிற்று. 1885 இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் இரு சக்கரங்களையும் ஏறத்தாழ ஒரே அளவாக்கிப் பின்சக்கரத்தைச் செயினால் இயக்கிக் காட்டினார். 1888 இல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கால்நடை மருத்துவர் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த டயரைப் பொருத்தினார். இவ்விருவருக்குப் பின் மிதிவண்டியின் உருவம் பெரிதும் மாறவில்லை.

அந்த வண்டிகள் கப்பலேறி நம் நகரத்திற்கும் வந்தன. சென்னைத் துறைமுகத்தின் கதையே துன்பம் நிறைந்தது. 1881 ஆம் ஆண்டுப் புயல், கட்டிக்கொண்டிருந்த அலைதடுப்புச் சுவர்களை உடைத்தெறிந்தது. 1904 இல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில்தான் துறைமுகம் நிலையான உருவம் பெற்றது. பெட்டிகளில் அடைபட்டு வந்த சைக்கிள்களைத் தோளில் சுமந்து இறக்கியவர்கள் இராயபுரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த கூலித் தொழிலாளர். அவற்றில் ஏறிச் சென்றவர்கள் வெள்ளை அதிகாரிகளும், வழக்கறிஞர்களும், வசதி படைத்த வணிகர்களும். அயல்நாட்டு விலை, கப்பற்கூலி, சுங்கவரி ஆகிய மூன்றும் சேர்ந்த பொருளை நாட்கூலியால் எட்டமுடியாது. இரும்பு மூட்டையைத் தூக்கியவன் அந்த இரும்பின்மேல் அமர அரை நூற்றாண்டு ஆயிற்று.

எட்டவேண்டிய தேவையும் பின்னர்தான் முற்றிற்று. 1856 இல் தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்ட இடம் இராயபுரம். துறைமுகமும் இரயிலும் அருகருகே இருந்ததால் வேலையும் வீடும் அருகருகே இருந்தன. விடுதலைக்குப் பின் ஆலைகள் வடக்கே நகர்ந்தன. 1948 இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் அமைந்தது. அதுவே பின்னர் அசோக் லேலண்ட் ஆயிற்று. 1954 இல் தோன்றிய கார்போரண்டம் யுனிவர்சலும், 1955 இல் தோன்றிய என்ஃபீல்டு இந்தியாவும் திருவொற்றியூரில் இடம்பெற்றன. இந்த ஆலைகள் எழுந்துகொண்டிருந்த வேளையில், 1953 இல், சென்னையின் டிராம் வண்டிகள் நின்றுபோயின. ஆலைச் சங்கோ எவருக்காகவும் காத்திருப்பதில்லை. இரண்டாம் ஷிஃப்ட்டு முடிந்து நள்ளிரவை ஒட்டி வெளியே வருபவனுக்குப் பேருந்தும் இரயிலும் ஒத்துவருவது அரிது.

கணக்கைப் பாருங்கள். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். நடந்தால் ஒன்றேகால் மணி நேரம். நிதானமாக மிதித்தால் அரை மணி நேரம். போகவர ஒன்றரை மணி நேரம் மிஞ்சும். வாரத்திற்கு ஆறு நாள் வேலை என்றால் ஒன்பது மணி நேரம், அதாவது முழுதாக ஒரு ஷிஃப்ட்டு! தொழிலாளி மிதிவண்டியில் விலைக்கு வாங்கியது இந்த நேரத்தைத்தான். உறங்குவதற்கும், குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவதற்கும், சங்கக் கூட்டத்திற்குப் போவதற்கும் அவனுக்கு வேறு நேரம் ஏது?

திருவொற்றியூர் என்ஃபீல்டைப் பற்றி ஒரு செய்தியை இடையே சொல்லிவிடுகிறேன். புல்லட் மோட்டார் சைக்கிளால் புகழ்பெற்ற அந்தப் பெயர், பிறப்பால் மிதிவண்டிக்காரர்களுடையது. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்தில் ஊசி செய்துவந்த குடும்பத்தின் தொழிலகம் ஒன்று, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிதிவண்டி செய்யத் தொடங்கியது. அது கைமாறியபின், என்ஃபீல்டு நகரத்து அரசாங்கத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உறுப்புகள் செய்துகொடுக்கும் ஒப்பந்தம் கிடைத்தது. அதன் நினைவாக 'ராயல் என்ஃபீல்டு' என்ற பெயரைச் சூட்டிக்கொண்டது. ஊசி, சைக்கிள், துப்பாக்கி உறுப்பு, மோட்டார் சைக்கிள் என்று பயணம் செய்த பெயர் கடைசியில் நம் பட்டினத்தார் சமாதி உள்ள ஊருக்கு வந்து சேர்ந்தது. அந்த ஆலை வாயிலில் காலை வேளையில் வரிசையாக நின்றவையோ மோட்டார் சைக்கிள்கள் அல்ல. அவற்றைச் செய்தவர்களின் மிதிவண்டிகளே.

அந்த மிதிவண்டிகள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலானவை வடசென்னைக்கு மேற்கே, அம்பத்தூரிலிருந்து. 1949 இல் முருகப்பா குடும்பத்தினர் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் ஆஃப் இந்தியாவைத் தொடங்கினர். 1951 இல் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டி உருவாயிற்று. ஹெர்குலிஸ் என்பது 1910 இல் பர்மிங்காமில் கிரேன் சகோதரர் இருவர் தொடங்கிய பெயர். ஏராளமாகச் செய்து மலிவாக விற்பது அவர்களுடைய கொள்கை. ஆங்கிலத் தொழிலாளிக்காகப் பிறந்த வண்டியே தமிழ்த் தொழிலாளிக்கும் வாய்த்தது பொருத்தந்தான். அதே காலத்தில் வடக்கே சோனிபட்டில் அட்லஸ், லூதியானாவில் ஹீரோ ஆகிய பெயர்களும் எழுந்தன.

வண்டியை இங்கே பூட்டினால் மட்டும் விலை இறங்கிவிடாது. 1955 இல் ஆவடியில் உருக்குக் குழாய் ஆலை வந்தது. 1960 இல் அமெரிக்கக் கூட்டுறவுடன் செயின் செய்யும் தொழில் தொடங்கியது. குழாயும் செயினும் அண்டை ஊரில் கிடைத்தபோதுதான் உடைந்த வண்டியைத் திருத்துவது எளிதாயிற்று. மலிவான வண்டி என்பதற்கு, வாங்கும் நாளில் குறைந்த விலை என்று மட்டும் பொருள் கொள்வோர் உண்டு. பத்து ஆண்டு கழித்தும் தெருமுனையில் உறுப்புக் கிடைக்கும் வண்டியே மலிவானது என்று அக்காலத் தொழிலாளி பொருள் கொண்டான். அவன் கணக்கே சரி என்பது என் துணிபு.

அந்த ரோட்ஸ்டரின் அமைப்பைச் சற்று ஊன்றிப் பார்ப்போம். 28 அங்குலச் சக்கரம், ஒன்றரை அங்குல டயர். முன்பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்னால் 18 என்பது வழக்கமான பொருத்தம். பெடல் ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி ஐந்தரை மீட்டர் அளவு முன்னேறும். இராயபுரத்திலிருந்து திருவொற்றியூருக்குச் சுமார் ஆயிரத்து நூறு மிதி. கியர் மாற்ற வழியில்லை. மேடு பள்ளம் இல்லாத கடற்கரைச் சமவெளியில் அது தேவைப்படவுமில்லை. எதிர்க்காற்றுதான் அங்கே மலை! தடித்த டயர் குண்டும் குழியும் இரயில் தண்டவாளக் குறுக்கீடும் தாங்கும். பின்னாலுள்ள கேரியரில் தூக்குப்பாத்திரம் முதல் அரிசி மூட்டை வரை ஏறும். காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுசென்ற வியாபாரிகள் அதே வண்டியில் பெரிய கேரியர் பொருத்திக் கூடை கட்டினர். கெட்டியான கறுப்புப் பூச்சு உப்புக்காற்றை ஓரளவு எதிர்த்துநின்றது. பளபளக்கும் ரிம்மும் கைப்பிடியும் துருவேறாமலிருக்க எண்ணெய் தடவிய துணியால் ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைப்பார்கள். எடை மிகுதி என்பது குறைதான். ஆயினும் அந்தச் சாலைக்கு அது பொறுக்கத்தக்க குறை.

பணம் புரட்டிய வழிகள் பல. பலருக்கு முதல் வண்டி வாடகை வண்டி. நான் சிறுவனாயிருந்தபோது திருவொற்றியூர்த் தெருக்களில் மணிக்கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விடும் கடைகள் இருந்தன. கடைக்காரர் நோட்டில் பெயரும் நேரமும் குறிப்பார்; தெரிந்த முகம் என்றால் பிணை வேண்டாம். இருக்கைக்குக் கால் எட்டாத சிறுவர் நடுக்கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டு ஓட்டப் பழகினர். சொந்தமாக வாங்குவோர் தீபாவளி போனஸை எதிர்நோக்கினர். கூட்டுறவுச் சிக்கனச் சங்கத்தில் கடன் பெற்றவரும் உண்டு. அதுவும் இயலாதவர் பழைய ஃபிரேம் ஒன்றை வாங்கி, ஒரு மாதம் சக்கரம், மறு மாதம் பெடல் என்று உறுப்பு உறுப்பாகச் சேர்த்து வண்டியைக் கட்டினர். எல்லா உறுப்பும் எல்லா ஃபிரேமுக்கும் பொருந்தும் என்ற அளவொற்றுமை இருந்ததால்தான் இது முடிந்தது. பஞ்சர் ஒட்டுவதும், சக்கரத்தில் கோட்டம் எடுப்பதும், வால்டியூப் மாற்றுவதும் தெருவுக்கொருவர் அறிந்த கலை. இக்கலைஞர்களை எந்த வரலாற்று நூலும் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை என்பது எனக்கு வருத்தம்.

வாங்கிய பிறகும் செலவு விடாது. உள்ளாட்சி மன்றத்திற்கு வரி கட்டித் தகட்டு வில்லையை வண்டியில் மாட்டவேண்டும்; இரவில் விளக்கு எரியவேண்டும். இருவராகச் சென்றால் காவலர் பிடிப்பார். இப்போது அவ்வில்லைகள் பழம்பொருள் ஆகிவிட்டன.

இந்தக் கதையில் நெடுங்காலம் பெண்களுக்கு இடம் குறைவாகவே இருந்தது. வீட்டில் இருந்த ஒரே வண்டி ஆலைக்குச் சென்றுவிடும். இருந்தாலும் நடுக்கம்பியும் ஊர்ப்பேச்சும் தடுத்தன. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்பித்தபோது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் வண்டியேறினர். 2001-02 இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. 2005-06 முதல் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர் அனைவருக்கும் அது விரிந்தது. கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் பலருக்கு முதல் வண்டி அதுவாகவே இருக்கக்கூடும். பாட்டனார் போனஸுக்குக் காத்திருந்து பெற்றதைப் பெயர்த்தி பதினோராம் வகுப்பில் பெற்றாள்.

சாலையும் மாறிவிட்டது. 2001 இல் எண்ணூர்த் துறைமுகம் செயற்படத் தொடங்கியது. 2014 இல் அதற்குக் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வடசென்னைச் சாலைகளை நிறைக்கின்றன. 2021 இல் மெட்ரோ இரயில் விம்கோ நகர் வரை வந்தது. ஆலைவாயிலில் மிதிவண்டிக்குப் பதில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன. இந்நிலையில் ஓர் இளைஞர் மெல்லிய ரோடு பைக்கை விரும்புவது பெரும்பாலும் வேலைக்காக அன்று, உடலுறுதிக்கும் தொலைதூரப் பயணத்திற்கும். அவ்விருப்பத்தை நான் குறைகூறேன். 10 அல்லது 12 கிலோ எடையுள்ள வண்டி காலைக்கு அடங்கிப் பறக்கும் இன்பம் பெரிது. ஆனால் தொகை சிறிதென்றால், பாட்டனார் கேட்ட கேள்விகளையே கேட்கவேண்டும். உடல் அளவுக்கு ஃபிரேம் பொருந்துகிறதா? நடுக்கம்பியின் இருபுறமும் கால் ஊன்றி நின்றால் சற்று இடைவெளி இருக்கிறதா? ஓரளவு அகன்ற, 32 மில்லிமீட்டர் டயரேனும் ஃபோர்க்கில் நுழையுமா? லாரி ஓட்டுநர் கண்ணில் படுவதற்கு முன்விளக்கும் பின்விளக்கும், தலைக்கவசமும், பூட்டும் வாங்கப் பணம் மிஞ்சுமா? கையிருப்பு முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு விளக்கில்லாமல் எண்ணூர் விரைவுச் சாலையில் இறங்குவது கொடிது. பழகும்வரை பொழுது விடிந்தபின், லாரி குறைந்த உட்சாலைகளில் ஓட்டுவதே தக்கது.

இன்னொன்று. பழைய ரோட்ஸ்டரின் டயர் ரிம்மில் அமரும் விட்டம் 635 மில்லிமீட்டர். இன்றைய ரோடு பைக்கிற்கு 622. பதின்மூன்று மில்லிமீட்டர் வேறுபாடுதான்; ஆனால் ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. வால்வும் பெரும்பாலும் வேறு. தெருக்கடைப் பம்பு அதில் பொருந்தாது. எனவே வண்டிக் கடைக்குப் போகுமுன் உங்கள் தெருவிலுள்ள பஞ்சர் கடைக்காரரிடம் சென்று, அந்த அளவு டியூபு அவரிடம் உண்டா, அந்த வால்வுக்குக் காற்றடிக்க அவரால் முடியுமா என்று கேளுங்கள். இல்லை என்றால், இரண்டு டியூபும் ஒரு கைப்பம்பும் சேர்த்தே விலையைக் கணக்கிடுங்கள்.