யோனா நூலும் நினிவே நகரும்
கீழ்ப்படியாமை, மனந்திரும்புதல், இரக்கம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

எபிரேய விவிலியத்தின் தீர்க்கதரிசன நூல்களுள் யோனா நூல் தனித்தன்மை வாய்ந்தது. ஏனையவை பெரும்பாலும் தீர்க்கதரிசிகளின் வாக்குகளைத் தொகுத்துத் தருவன. நான்கு அதிகாரங்களும் 48 வசனங்களுமே கொண்ட இந்நூலோ ஒரு தீர்க்கதரிசியைப் பற்றிய கதையாக அமைந்துள்ளது. அவர் நினிவேயில் உரைக்கும் வாக்கு எபிரேய மூலத்தில் ஐந்தே சொற்களாலானது. இக்கதையைப் பெரிய மீனின் கதையாகவே பலரும் அறிவர். ஆனால் மீன் பேசப்படுவது மூன்றே வசனங்களில்தான். கதை தொடங்குவதும் முடிவதும் நினிவே நகரைக் குறித்தேயாம். கொடுமை இழைத்த பேரரசுக்கு இரக்கம் கிடைக்கலாமா என்ற வினாவே நூலின் அடிப்படை என்பதையும், அவ்வினா குறிப்பிட்டதொரு வரலாற்றுச் சூழலில் எழுந்தது என்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நினிவே என்ற பெயர் எபிரேய மக்களின் நினைவில் எதனைக் குறித்தது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். கி.மு. 722/721 அளவில் வட இராச்சியமாகிய இஸ்ரவேலின் தலைநகர் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. அங்கிருந்து 27,290 பேரைச் சிறைகொண்டு சென்றதாக இரண்டாம் சார்கோனின் கல்வெட்டுகள் கூறும். கி.மு. 701 இல் சனகெரிப் தென் இராச்சியமாகிய யூதாவின்மீது படையெடுத்தான். அரணமைந்த 46 நகர்களைக் கைப்பற்றி 200,150 பேரை வெளியேற்றியதாக அவனது களிமண் சாசனங்கள் பெருமிதத்துடன் பேசுகின்றன. இவ்வெண்கள் மிகைப்படுத்தப்பட்டனவாயிருக்கலாம், அவற்றைப் பெருமையாகக் கருதிய ஆட்சியின் இயல்பு ஐயத்துக்கு இடமற்றது. லாகீஸ் நகரின் வீழ்ச்சியைச் சனகெரிப் தன் நினிவே அரண்மனைச் சுவர்களிலே செதுக்குவித்தான். இன்று பிரித்தானிய நூதனசாலையிலுள்ள அச்சிற்பங்களில் கழுவேற்றப்பட்டோரையும் தோலுரிக்கப்படுவோரையும், குடும்பமாக நாடு கடத்தப்படுவோரையும் காணலாம். ஆகவே நினிவே யூத வாசகருக்கு ஏதோவொரு பாவ நகரமன்று. தம் முன்னோரின் நாட்டை அழித்த அதிகாரத்தின் இருப்பிடம்.

இந்நூல் அசீரியர் காலத்தில் எழுந்ததன்று என்பதே ஆய்வாளர் பலரின் கருத்தாகும். மொழியமைப்பும் பிற நூல்களோடுள்ள தொடர்பும் இதனைப் பாரசீகர் காலத்துக்கு, அதாவது கி.மு. ஐந்தாம் அல்லது நான்காம் நூற்றாண்டுக்கு உரியதாகக் காட்டுகின்றன. நினிவேயோ கி.மு. 612 இல் பாபிலோனியராலும் மேதியராலும் அழிக்கப்பட்டுவிட்டது. நகரைக் கடக்க மூன்று நாள் வேண்டும் என்று கதை பேசுகிறது. அகழ்ந்தறியப்பட்ட மதில்களின் சுற்றளவோ ஏறத்தாழ 12 கிலோமீற்றரே. நகர் முழுவதும் மனந்திரும்பியதாக அசீரிய ஆவணம் எதுவும் கூறவில்லை. எனவே இந்நூலை எட்டாம் நூற்றாண்டு நிகழ்ச்சியின் பதிவாகக் கொள்ளாது, அதனை எழுதிய பிற்காலச் சமூகத்தின் சிந்தனைக்குச் சான்றாகக் கொள்வதே வரலாற்று முறைக்கு ஏற்றதாகும்.

கதைத் தலைவனின் தேர்வும் இங்கு கவனத்துக்குரியது. அமித்தாயின் மகன் யோனா என்றொரு தீர்க்கதரிசி இரண்டாம் இராஜாக்கள் நூலில் (14:25) குறிப்பிடப்படுகிறார். இரண்டாம் யெரொபெயாம் காலத்தில் இஸ்ரவேலின் எல்லைகள் மீட்கப்படும் என்று உரைத்தவர் அவர். அதே அரசனின் காலத்தில் வாழ்ந்த ஆமோஸ், செல்வரின் சுகபோகத்தையும் ஏழைகள்மீதான ஒடுக்குமுறையையும் கண்டித்து, அவ்வெல்லைகளுக்குள்ளேயே ஒடுக்குதல் வந்து சேரும் என எச்சரித்தார். இவ்விருவருள் வெற்றியை முன்னறிவித்தவரையே கதையாசிரியர் நினிவேக்கு அனுப்புகிறார். தன் நாட்டின் விரிவை அறிவித்தவர், அந்நாட்டை அழிக்கவிருக்கும் நகரைக் காப்பாற்றும் பணிக்கு அழைக்கப்படுகிறார்.

அழைக்கப்பட்டவர் மறுக்கிறார். மோசேயும் எரேமியாவும்கூடத் தம் அழைப்பைத் தயக்கத்துடனேயே ஏற்றனர்; எனினும் அவர்கள் காரணம் கூறினர். யோனா ஒன்றும் கூறாமல், கிழக்கே செல்லவேண்டியவர் யோப்பாவில் கப்பலேறி மேற்கே தர்ஷீசை நோக்கி ஓடுகிறார். அச்சமே காரணம் என வாசகர் எண்ணும்படி விட்டு, உண்மைக் காரணத்தை நான்காம் அதிகாரம் வரை ஆசிரியர் மறைத்து வைக்கிறார். கடவுள் இரக்கமுள்ளவர், அழிக்க எண்ணியதைக் கைவிடுபவர் என்பதை முன்னரே அறிந்திருந்ததால்தான் ஓடினேன் என்று யோனா அங்கு முறையிடுகிறார். எனவே அவரது கீழ்ப்படியாமை அறியாமையால் விளைந்ததன்று. கடவுளை நன்கறிந்ததனாலேயே விளைந்தது. கொடியோன் தண்டனையின்றித் தப்புதல் நீதியாகுமா என்ற கேள்வி அதன் உள்ளே உள்ளது. அக்கேள்வியை வெறும் பிடிவாதம் என ஒதுக்குவோர் லாகீஸ் சிற்பங்களை மறந்தவராவர்.

மனந்திரும்புவோர் யாவர் என்பதை நோக்கின், நூலின் போக்குத் தெளிவாகும். புயலில் சிக்கிய மாலுமிகள் அந்நியர். பல தெய்வங்களை வணங்குவோர். ஆயினும் அயலான் ஒருவனைக் கடலில் எறிய மனமின்றிக் கரைசேரத் தண்டுவலித்துப் பார்க்கின்றனர். குற்றமற்ற இரத்தப்பழி தம்மேல் வராதிருக்க மன்றாடுகின்றனர். மீனின் வயிற்றிலிருந்து யோனா பாடும் சங்கீதத்திலோ நன்றியறிதல் உண்டு. தன் தவற்றை ஒப்புக்கொள்ளும் சொல் ஒன்றேனும் இல்லை. நினிவேயில் எச்சரிக்கை கேட்ட மாத்திரத்திலேயே மக்கள் உபவாசம் கூறுகின்றனர். அரசன் சிங்காசனத்தை விட்டிறங்கிச் சாம்பலில் உட்காருகிறான். எரேமியா நூலின் 36 ஆம் அதிகாரத்தில், தீர்க்கதரிசியின் சுருள் வாசிக்கப்படுகையில் அதைத் துண்டுதுண்டாக அறுத்து நெருப்பிலிட்ட யூதாவின் அரசன் யோயாக்கீமை இவனுடன் ஒப்புநோக்குதல் தகும். எரேமியா நூலை அறிந்த வாசகர் இவ்வேறுபாட்டைக் கவனியாதிருக்க முடியாது.

நினிவே எதிலிருந்து திரும்புகிறது என்பதும் முக்கியமானது. விக்கிரக வழிபாடு பற்றிய குற்றச்சாட்டு அங்கு இல்லை. அரச கட்டளையில் பலியோ, கோயிலோ, மதமாற்றமோ கூறப்படவில்லை. ஒவ்வொருவரும் தம் கைகளிலுள்ள கொடுமையை விட்டுத் திரும்பவேண்டும் என்பதே கட்டளை. கொடுமை எனக் குறிக்கப்படும் ‘ஹாமாஸ்’ என்ற எபிரேயச் சொல், பிறரை ஒடுக்கும் வன்செயலை உணர்த்துவது. இரட்டும் உபவாசமும் கடவுளின் பார்வைக்கு வந்ததாகக் கதை கூறவில்லை. அவர்கள் தீய வழியைவிட்டுத் திரும்பிய செயலை அவர் கண்டதாகவே கூறுகிறது. மனந்திரும்புதல் இங்கு உணர்ச்சிப் பெருக்கன்று. அதிகாரத்தின் நடத்தையில் ஏற்படும் மாற்றம்.

மனிதர் திரும்புவதைக் குறிக்கும் ‘ஷூவ்’ என்ற வினைக்குத் திரும்புதல் என்பதே நேர்ப்பொருள். தமிழ்க் கிறித்தவ வழக்கிலுள்ள ‘மனந்திரும்புதல்’ என்ற சொல் அவ்வியக்கத்தை நன்கு காத்துள்ளது. ‘தீர்க்கதரிசி’ என்ற சொல்லோ வருவதை முன்கூட்டி அறிபவர் என்ற எண்ணத்தை வலியுறுத்துவது. ‘நாபி’ என்ற எபிரேயச் சொல்லை அறிஞர் அழைத்தல் என்ற கருத்தோடு தொடர்புபடுத்துவர். இவ்வேறுபாடு பெரிது. குயவன் வீட்டு உவமையைக் கூறும் எரேமியா 18 ஆம் அதிகாரம், அழிவு கூறப்பட்ட எந்த இனமும் திரும்பினால் கடவுளும் தம் தீர்மானத்தை மாற்றுவார் என்று பொதுவிதியாகவே வகுக்கிறது. அவ்விதிப்படி அழிவுரை எதிர்காலச் செய்தியன்று, எச்சரிக்கையே. அது நிறைவேறாது போதலே அதன் வெற்றியாகும். நினிவே ‘கவிழ்க்கப்படும்’ என யோனா கூறிய வினைச்சொல் சோதோமின் அழிவைக் குறிப்பது. மாற்றமடைதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. இவ்விரு பொருளையும் தல்மூத் அறிஞரும் கவனித்துள்ளனர்.

இவ்விரக்கத்தைக் குறித்து எபிரேய மரபினுள்ளேயே வாதம் நிகழ்ந்தது. யாத்திராகமம் 34 ஆம் அதிகாரத்தில் கடவுளின் இயல்பு இரு கூறாகச் சொல்லப்படுகிறது: அவர் இரக்கமுள்ளவர், ஆயினும் குற்றத்தைத் தண்டியாது விடாதவர். நினிவேயின் வீழ்ச்சியைக் கொண்டாடும் நாகூம் நூல் அதன் இரண்டாங் கூற்றை எடுத்து அந்நகருக்கு எதிராகப் பயன்படுத்துகிறது. யோனா நூலோ முதற்கூற்றை மட்டும் எடுத்து, தீங்கைக் கைவிடுபவர் என்பதையும் சேர்த்துக்கொள்கிறது. இதே வடிவம் யோவேல் நூலில் சீயோன் மக்களுக்கு ஆறுதலாகக் கூறப்படுவது. யோனா நூல் அதனைப் பகைவரின் நகருக்கு உரியதாக்குகிறது. நாகூம், யோனா ஆகிய இரு நூல்களும் வினாவொன்றிலேயே முடிகின்றன. நாகூமின் இறுதி வினா, உன் கொடுமைக்கு ஆளாகாதவர் யார் என நினிவேயைக் கேட்பது. யோனாவின் இறுதி வினா, வலக்கையையும் இடக்கையையும் பிரித்தறியாத 120,000க்கு மேற்பட்ட மாந்தரும் மிகுதியான கால்நடைகளும் உள்ள நகருக்காக நான் பரிவு கொள்ளலாகாதா எனக் கடவுள் கேட்பது. மரபு இரண்டையும் ஒரே தொகுப்பில் காத்தது. பாதிக்கப்பட்டோரின் குரலை நீக்கிவிட்டு இரக்கத்தைப் பேசவில்லை என்பதே இதன் சிறப்பாகும்.

ஐரோப்பியக் கிறித்தவ ஆய்வாளர் சிலர் யோனாவைக் குறுகிய யூத மனப்பான்மையின் உருவமாகக் காட்டினர். அந்நியப் பெண்களை விலக்கச் சொன்ன எஸ்றாவின் கொள்கைக்கு எதிரான நூல் இது என்றும் கூறப்பட்டதுண்டு. அக்கொள்கை பற்றி நூலில் நேரடிக் குறிப்பு எதுவும் இல்லை. மேலும், இதனை எழுதியவரும் போற்றியவரும் யூதரே. ஆண்டின் மிகப் புனிதமான பாவநிவிர்த்தி நாளின் பிற்பகலில் யூதர் தொழுகையில் வாசிக்கும் நூல் இதுவே. தன் பகைமையைத் தானே விசாரணை செய்த ஒரு சமூகத்தின் படைப்பை அச்சமூகத்துக்கு எதிரான சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.

நினிவே பின்னர் அழிந்தது என்பதை நூலின் முதல் வாசகர் நன்கறிவர். எனவே இக்கதை பேரரசுக்கு அளிக்கப்பட்ட நற்சான்று அன்று. கொடுமையை விட்ட அளவிலேயே அந்நகர் காக்கப்பட்டது. ஆயினும் அரண்மனையும் நகரமும் ஒன்றல்ல என்பதை இறுதி வினா உணர்த்துகிறது. ஆமணக்குச் செடியொன்று பட்டுப்போனதற்காக வருந்தும் யோனாவிடம், தண்டனை விழப்போவது யார்மீது என்றே கடவுள் கேட்கிறார். யோனாவின் மறுமொழி நூலில் இல்லை. நீதிக்கான அவரது கோபத்தை நூல் பொய்யாக்கவில்லை. அக்கோபம் குழந்தைகளையும் கால்நடைகளையும் எண்ணிப்பார்க்கவேண்டும் என்று மட்டும் கேட்கிறது. போரில் வென்றோரும் தோற்றோரும் தத்தம் பகைவரின் நகரங்களை ஒரே முகமாகக் காணும் வழக்கம் மறையும் வரை, அவ்வினா விடையின்றியே நிற்கும்.