பெங்களூர் அரண்மனை: தோற்றமும் உடைமையும்

பெங்களூர் அரண்மனையைப் பற்றி எழுதுவோர் பலரும் ஒரு கதையோடு தொடங்குவர். மைசூர் மன்னர் பத்தாம் சாமராச உடையார் இங்கிலாந்தில் வின்சர் கோட்டையைக் கண்டு வியந்து, அதுபோன்றதொரு மாளிகையை இங்கே எழுப்பினார் என்பது அக்கதை. கேட்க இனிதாயினும் காலவரிசை இதற்கு இடந்தரவில்லை. கட்டுமானம் தொடங்கிய 1862ஆம் ஆண்டில் சாமராசர் பிறக்கவே இல்லை. அவர் பிறந்தது 1863இல்.

மாளிகையைத் தொடங்கியவர் அரசரல்லர், ஓர் ஆசிரியர். 1858இல் நிறுவப்பெற்றுப் பின்னர் சென்ட்ரல் கல்லூரியாக வளர்ந்த பள்ளியின் முதல் தலைவரான பாதிரியார் ஜான் காரெட் அவர். வெசுலியன் மிசன் அச்சகத்தின் வழி 1840களில் பகவத் கீதையை வடமொழி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் பதிப்பித்தவர். 1871இல் சென்னையில் வெளிவந்த இந்தியத் தொன்மவியல் அகராதியின் ஆசிரியரும் இவரே. சமயப் பணியாளர் ஒருவர் இத்துணைப் பெரிய மனையை எழுப்ப முற்பட்டது வியப்பிற்குரியதே.

1831இல் மைசூர் ஆட்சியைத் தம் கைக்கொண்ட ஆங்கிலேயர் 1881இல்தான் அதனைத் திருப்பியளித்தனர். இவ்விடைக்காலத்தில், 1868இல், ஐந்து வயதில் அரசுரிமை பெற்ற சாமராசர் அவர்தம் பொறுப்பில் வளர்ந்தார். 1873இல் அவருடைய ஆங்கிலேயப் பாதுகாவலர்கள் காரெட்டின் மாளிகையை 40,000 ரூபாய்க்கு வாங்கினர். பணம் அரசுக் கருவூலத்தினுடையதன்று; சிறுவரான மன்னரின் சொந்த நிதியிலிருந்து எடுக்கப்பட்டது. மாளிகை 1884இல் வாங்கப்பட்டதாகக் குறிப்போரும் உளர். எனினும் அரண்மனையாக்கும் பணி 1874இல் தொடங்கி 1878இல் நிறைவுற்றதால், அதற்கு முற்பட்ட 1873ஆம் ஆண்டே பொருந்துவதாகக் கொள்ளலாம்.

கட்டடக்கலை நூல்கள் இதனை டியூடர் பாணியினது என வகைப்படுத்துகின்றன. கொத்தளம் போன்ற கைப்பிடிச் சுவர்களும் கோபுரங்களும் அதற்குச் சான்றாம். ஆனால் கூர்முனை வளைவுகளும் தர்பார் மண்டபத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரமும் புதுக்கோதிக் மரபைச் சார்ந்தவை. இங்கிலாந்து நாட்டுப்புற மாளிகையொன்றின் உருவமே புறத்தே தெரிகிறது. உள்ளே நிலை வேறு. தரைத்தளத்தில் நம் வீடுகளின் முற்றத்தை நினைவூட்டும் திறந்தவெளி அமைந்துள்ளது. மேல்தளத் தர்பார் மண்டபத்தில் அரச மகளிர் அவை நிகழ்வுகளைக் காண்பதற்குத் திரைத்தடுப்பு உண்டு. ஆங்கிலேயர் தெரிந்தளித்த கூட்டினுள் மைசூர் அரசவை தன் வழக்கங்களைப் பேணிக்கொண்டது எனலாம்.

வாங்கிய பணம் எவருடையது என்னும் வினா பழங்கணக்கோடு முடிந்துவிடவில்லை. 1950இல் இந்திய அரசுடன் செய்துகொள்ளப்பட்ட உடன்பாட்டில் இவ்வரண்மனை உடையார் குடும்பத்தின் தனிச்சொத்தாக ஏற்கப்பட்டது. நானூற்றைம்பது ஏக்கருக்கும் மேற்பட்ட வளாகத்தைக் கையகப்படுத்தக் கருநாடக அரசு 1996இல் சட்டம் இயற்றியது. மறு ஆண்டு உயர்நீதிமன்றம் அதனைச் செல்லும் என்றது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. சாலை விரிவாக்கத்திற்கென எடுக்கப்படும் 15 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்திற்கு ஈடாக மாற்றத்தக்க வளர்ச்சி உரிமைகளை வழங்குமாறு அந்நீதிமன்றம் 2024 திசம்பரில் ஆணையிட்டது. வின்சர் கதையைத் திரும்பத் திரும்பக் கூறும் வழிகாட்டி நூல்கள் 1873ஆம் ஆண்டின் அந்த 40,000 ரூபாயைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை.