தொண்டைச் சதையின் வரலாறு

திருவண்ணாமலையை அடுத்த வேங்கிக்காலில் ஒரு பிள்ளைக்கு அடிக்கடி தொண்டை வீங்கிக் காய்ச்சல் வருகின்றது என்று வைத்துக்கொள்வோம். "டான்சிலை எடுத்துவிடலாமா?" என்பதே பெற்றோரின் முதற் கேள்வியாக இருக்கும். இக்கேள்விக்கு முன்னாளைய மருத்துவம் எவ்வாறு விடை கண்டது என்பது வியப்புக்குரியது.

1934 ஆம் ஆண்டில் நியூயார்க் நகரப் பள்ளிப் பிள்ளைகள் 1,000 பேரை ஆராய்ந்தனர். அவருள் 611 பேருக்கு டான்சில் முன்பே அகற்றப்பட்டிருந்தது. எஞ்சிய 389 பேரைப் பார்த்த மருத்துவர்கள், 174 பேருக்கு அறுவை வேண்டும் என்றனர். வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டினர். அவர்கள் 99 பேரைச் சுட்டினார்கள். மிஞ்சிய 116 பேரை மூன்றாம் முறை காட்டியபோது, மேலும் 51 பேருக்குக் கத்தி காத்திருந்தது! நான்காம் முறை காட்டாதது எஞ்சிய 65 பிள்ளைகளின் நற்பேறு போலும்.

கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று. இதற்கிடையே, குருதியில் அழற்சியின் அடையாளங்கள் புலப்படத் தொடங்கியிருந்தன. 1930 இல் டில்லட், பிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளரின் குருதியில், இன்று சி-வினைப் புரதம் எனப்படும் பொருளைக் கண்டனர். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிக்கு எதிராக உடல் ஆக்கும் எதிர்ப்பொருளை அளக்க 1932 இல் டாட் வழி கண்டார். அக்கிருமி தொண்டையோடு நிற்பதில்லை. சில பிள்ளைகளிடம் கீல்வாதக் காய்ச்சலை விளைவித்து, இதயத்தின் வால்வுகளைக் கெடுத்துவிடும். நமக்கு இது ஏட்டுச் செய்தியாக மட்டும் இருக்கவில்லை. 1989 வரை வேங்கிக்கால் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் தலைநகராகிய வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிரேஸ் கோஷி இக்கிருமியை ஆராய்ந்தார். தென்னிந்தியக் குழந்தைகளிடம் அதன் தொற்றைக் கண்காணித்த முன்னோடி ஆய்வொன்றை அவரும் பெஞ்சமினும் 1977 இல் வெளியிட்டனர்.

குருதி உடல் முழுவதன் நிலையைக் கூறும். டான்சிலின் திசுவையே படித்தால் என்ன? அகற்றிய சதையை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி, இன்டர்லூகின் போன்ற அழற்சிப் பொருள்களை ஆய்வாளர் தேடுகின்றனர். ஆனால் டான்சில் வாயிற்காவலன். உணவோடும் மூச்சோடும் வரும் கிருமிகளை ஓயாமல் எதிர்ப்பதால், நலமான டான்சிலிலும் போரின் சுவடுகள் உண்டு. எது நோய், எது அன்றாடப் பணி என்று பிரிப்பது எளிதன்று. மேலும், முழுத் திசுவையும் படிக்க அதை முதலில் வெட்டியாக வேண்டும். தீர்ப்பு நிறைவேறிய பின் சாட்சி வந்து நிற்பது போன்றது இது!

வெட்டுவதால் இழப்பும் உண்டு. இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்து பெற்ற பிள்ளைகளிடம், டான்சிலையும் அடினாய்டையும் அகற்றியபின் மூக்குத்தொண்டையில் எதிர்ப்பொருள் வெகுவாகக் குறைந்ததை ஓக்ரா 1971 இல் காட்டினார்.

உறக்கத்தில் மூச்சு அடைபடும் பிள்ளைகளின் நிலை வேறு. அங்கே சதையின் பருமனே இடையூறு. அடிக்கடி வரும் தொண்டைநோய்க்கோ, பாரடைஸ் குழுவினர் 1984 இல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு இன்றும் வழங்குகின்றது: ஓராண்டில் 7 முறை, அல்லது ஈராண்டுகளில் ஆண்டுதோறும் 5 முறை, அல்லது மூவாண்டுகளில் ஆண்டுதோறும் 3 முறை. ஒவ்வொரு முறையும் காய்ச்சலோ, சீழோ, கழுத்து நெறிகட்டலோ, கிருமிச் சோதனைச் சான்றோ இருத்தல் வேண்டும். ஆதலால் வேங்கிக்கால் தாய் தன் பிள்ளைக்குத் தொண்டை நோவு வந்த நாட்களை நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தால், மருத்துவர் அதைத்தான் முதலில் கேட்டு வாங்குவார்.