யார் வைத்த மரம்?

எங்கள் தெரு தாம்பரத்துக்குக் கிழக்கே ஓர் ஏரிக்கரையில் இருக்கிறது. சில வருசங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று வேன்களில் மரம் நடுகிறவர்கள் வந்து இறங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் பனியன், தொப்பி. அதற்கு முந்தின ரெண்டு நாளும் கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெயிலில் நின்று குழி வெட்டியது எங்கள் தெரு ஆட்கள். குழிக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தார்கள். குறைகூற முடியாது, கொடுத்துவிட்டார்கள். ஞாயிறன்று வந்தவர்கள் கன்றைக் குழிக்குள் இறக்கி, ரெண்டு கை மண்ணைத் தள்ளி, படம் எடுத்துக்கொண்டு, பத்தரை மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். அடுத்த மாதம் ஒரு பலகை வந்தது. அதில் ஏழு பேர்கள். பலகையோடு முள்கம்பி வேலியும் வந்தது.

எங்கள் ஆயாவுக்கு எழுத்துத் தெரியாது. பலகையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல குழி வெட்டுனவன் பேரு எதுடா?"

"இல்ல ஆயா."

"தண்ணி ஊத்தப் போறவ பேரு?"

"அதுவும் இல்ல."

"அப்ப மரம் வெச்சவங்க யாரு?"

ஆயா கேட்டதைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டிக் கேட்கிறேன். மரம் நடும் அமைப்புகளுக்குத் தலைமை தாங்குவது யார்? தலைமை என்பது இங்கே என்ன? எந்த இடத்தில் நடுவது, என்ன மரத்தை நடுவது, நட்ட பிறகு அதனடியில் யார் உட்காரலாம் என்று முடிவு செய்கிற அதிகாரம்தான் தலைமை. கூலி அதற்கு ஈடாகாது.

தமிழில் 'நிழல்' என்ற சொல்லுக்கு ரெண்டு அர்த்தம். ஒன்று மரம் தருவது. இன்னொன்று நம் உடம்பிலிருந்து விழுவது. ஊர் நடுவில் அரசமரம், ஆலமரம். மேடை கட்டி அதன் மேல் பஞ்சாயத்து. மேடை மேல் ஊர்க்காரர்கள், எட்டத்தில் வெயிலில் கைகட்டி நின்றவர்கள் நம் ஆட்கள். மரத்தின் நிழல் நமக்கு இல்லை. நம் நிழல் பட்டால் அவர்களுக்குத் தீட்டு. அபராதம் கட்ட முடியாதவனைக் கட்டி வைத்து அடித்ததும் மரத்தில்தான். மரத்தைப் பற்றி எழுதப்படுகிற இனிமையான கட்டுரைகளில் இந்த மரம் வருவதே இல்லை. நாம் மரத்துக்கு எதிரி இல்லை. ஆனால் மரத்தடி ஒருநாளும் பொது இடமாக இருந்ததில்லை என்பதை வைத்துக்கொண்டுதான் நாம் பேச முடியும்.

தாம்பரம் இருப்பது பழைய செங்கல்பட்டு ஜில்லாவில். இந்த ஜில்லாவில் கலெக்டர் பொறுப்பில் இருந்த டிரமென்ஹீர், 1891இல் இங்குள்ள பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததுதான் இவர்களது அடிமைத்தனத்தின் வேர் என்று காட்டிய அறிக்கை அது. 1892இல் வந்த அரசாணையின் தொடர்ச்சியாகத்தான் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டன. மாகாணம் முழுக்கச் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது? இதே மாவட்டத்துக் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியதற்காக 1994 அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். இங்கே நிலம் என்று பேச்சை எடுத்தாலே அந்த ரத்தம் நினைவுக்கு வர வேண்டும்.

பட்டா கிடைக்காதவர்களுக்கு மிஞ்சியது பொறம்போக்கு. ஏரிக்கரை, ஆற்றோரம், வாய்க்கால் மேடு, மேய்க்கால். அங்கேதான் குடிசை போட்டோம், ஆடு மேய்த்தோம், விறகு பொறுக்கினோம். மரம் நடுகிறவர்கள் தேடி வருவதும் இதே நிலத்தைத்தான். ஒருவர் பட்டா நிலத்தில் போய்க் குழி வெட்ட முடியாது அல்லவா? 1950இல் கே.எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்து வனமகோத்சவத்தைத் தொடங்கினார். அதன் பிறகு மரம் நடுவது ஒரு அரசு விழா ஆனது. தமிழ்நாட்டில் வனத்துறை ஏரி உள்வாய்களில் கருவேலம் வைத்தது. 1981இல் சுவீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தது. 'சமூகம்' என்று பெயர் வைத்தார்களே தவிர, அந்தச் சமூகத்துக்குள் ஊரும் சேரியும் தனித்தனியாக இருப்பதை யார் கணக்கில் எடுத்தார்கள்? பலன் பஞ்சாயத்துக்குப் போகும் என்றார்கள். பஞ்சாயத்துத் தலைவர் பதவி நமக்கு ஒதுக்கீட்டில் கிடைத்தது 1994 சட்டத்துக்குப் பிறகு, 1996 தேர்தலில். அப்படித் தலைவரான மேலவளவு முருகேசனை 1997இல் வெட்டிக் கொன்றார்கள். நம் ஆள் தலைமைக்கு வருவதற்கு இந்த மண்ணில் கேட்கப்படும் விலை இது. மரக்கன்று விழாவில் மைக் பிடிக்கிறவர்கள் யாருக்கும் இந்த விலை தெரியாது.

தாம்பரத்தின் மர வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1928இல் டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நல்ல காற்றே மருந்து என்ற நம்பிக்கையில் வந்த இடம். இன்றைக்கும் அந்த ரயில் நிலையத்துக்கு சானடோரியம் என்றுதான் பெயர். சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937இல் பட்டணத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. சேலையூர்க் காட்டில் முந்நூற்றுச் சொச்சம் ஏக்கர். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸ் பார்ன்ஸும் அந்தப் புதர்க்காட்டில் மரம் வளர்ப்பதைத் தங்கள் வேலையாகவே எடுத்துக்கொண்டார்கள். இன்று அந்த வளாகத்தில் மான் மேய்கிறது. அவர்கள் செய்ததை மறுப்பது நன்றிகெட்டதனம். இந்தப் பக்கத்துக்கு இருக்கிற கொஞ்ச நஞ்சக் குளிர்ச்சியில் அவர்கள் பங்கு உண்டு. ஆனால் செங்கல்பட்டுச் செம்மண் கோடையில் பாறை மாதிரி இறுகிக் கிடக்கும். கடப்பாரை பட்டால் பொறி பறக்கும். பேராசிரியரும் அவர் மனைவியுமா அத்தனை குழியையும் வெட்டியிருப்பார்கள்? வெட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள். குடத்தைத் தலையில் வைத்துத் தண்ணீர் சுமந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அவர்கள் பேர் நமக்கு வந்து சேரவில்லை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 2005வாக்கில் சென்னையில் ஓர் அறக்கட்டளை தொடங்கியது. அதன் பெயரே 'நிழல்'. தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஷோபா மேனன். மரம் நடுவதைப் படம் பிடிக்கும் சடங்காக இல்லாமல் பொறுப்பாகச் செய்தவர்கள் என்று இவர்களைச் சொல்லலாம். கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த பொது நிலத்தை 2006 முதல் மரப் பூங்காவாக மாற்றினார்கள். வாராவாரம் தொண்டர்கள் வந்து மண்ணில் கைவைத்து வேலை செய்தார்கள். கண்ட மரத்தையும் வைக்காமல் இந்த மண்ணுக்குரிய மரங்களாகத் தேடி வைத்தார்கள். சாலையோர மரங்களில் அறைந்த ஆணிகளைப் பிடுங்கினார்கள். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் அடித்தபோது சாலையெல்லாம் மயில்கொன்றையும் இயல்வாகையும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, எந்த மரம் என்ற கேள்வி எவ்வளவு முக்கியம் என்று புரிந்திருக்கும். பெண்கள் முன்னின்று நடத்திய இயக்கம் என்பதும் சின்ன விசயமில்லை.

அப்புறம் ஏன் இந்தக் கேள்வி? ஏனென்றால் நல்லவர்கள் நடத்தும்போதுதான் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். நகரத்தில் மரம் பற்றிப் பேசும் அமைப்புகள் இன்று நிறைய. நான் போய் உட்கார்ந்த கூட்டங்களைச் சொல்கிறேன்: மேசைக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற அதிகாரிகள், கம்பெனி மேலாளர்கள், பேராசிரியர்கள், குடியிருப்போர் சங்கத் தலைவர்கள். ஏரிக்கரையில் குடியிருக்கிறவர் ஒருவர்கூட இல்லை. அவர்கள் 'ஆக்கிரமிப்பு' என்ற தலைப்பில் கூட்டக் குறிப்பில் இருந்தார்கள். குப்பை வாருகிற, விழுந்த மரத்தை அறுத்து அகற்றுகிற ஆட்களும் இல்லை. 2015 வெள்ளத்தின்போது சென்னையைச் சுத்தம் செய்ய வெளி மாவட்டங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட துப்புரவுத் தொழிலாளிகள் எந்தச் சாதி என்று நான் சொல்லத் தேவையில்லை. சூழலைக் கையால் தொடுகிறவர்கள் அவர்கள். சூழலியலாளர் என்று அவர்களை எவரும் அழைப்பதில்லை.

இதில் பேர் மட்டும் பிரச்சனை என்றால் ஒரு பலகை செய்து நாமே மாட்டிக்கொள்ளலாம். பிரச்சனை வீடு. அடையாறு, கூவம் சீரமைப்பு என்ற பெயரில் ஆற்றோரத்துக் குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பள்ளிக்கரணைச் சதுப்பைச் சுற்றிக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கு மேல் குடியிருப்புகள். 2025 மே மாதம் அனகாபுத்தூரில், அடையாற்றங்கரையில் பல பத்தாண்டுகளாக வாழ்ந்தவர்களின் நூற்றுக்கணக்கான வீடுகளை இடித்தார்கள். அனகாபுத்தூர் தாம்பரம் மாநகராட்சியில்தான் இருக்கிறது. அந்த மாநகராட்சியின் முதல் மேயராக 2022இல் வசந்தகுமாரி என்ற நம் பெண் பொறுப்பேற்றபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். மகிழ வேண்டியதுதான். ஒதுக்கீடு இல்லாமல் அந்த நாற்காலி நமக்கு வந்திருக்காது. ஆனால் ஆற்றங்கரையின் தலைவிதியை எழுதும் கோப்பு வேறு மேசைகளில் நகர்கிறது. வீடு போன இடத்தில் கரை கட்டுவார்கள், மரம் வைப்பார்கள், நடைபாதை போடுவார்கள். சதுப்பில் பெரிய கட்டிடங்கள் வந்தபோது இந்த வேகத்தைப் பார்த்தோமா?

இதற்குத் தொண்டு நிறுவனங்களா பொறுப்பு என்று கேட்பார்கள். இடித்தது அவர்களில்லை. ஆனால் நாளைக்கு அந்த வெற்று நிலத்துக்குக் கன்றோடு வரப்போகிறவர்கள், அங்கே நேற்று வரை யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டுமா வேண்டாமா?

வேறு வழி உண்டு என்பதற்குக் கென்யா சாட்சி. அங்கே வங்காரி மாத்தாய் 1977இல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். அவரும் படித்த பேராசிரியர்தான். ஆனால் நாற்றங்காலை நடத்தியவர்கள் கிராமத்து ஏழைப் பெண்கள். விதை பொறுக்கியது, கன்று வளர்த்தது எல்லாம் அவர்கள். நட்ட கன்று பிழைத்தால் அதற்கு ஒரு சிறு தொகை அவர்கள் கைக்கு வரும். குழிக்குக் கூலி என்பதற்கும் பிழைத்த மரத்துக்குக் காசு என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். 1989இல் நைரோபியின் உகுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டிடம் கட்ட ஆட்சியாளர்கள் துணிந்தபோது அந்த இயக்கம் எதிர்த்து நின்றது. திட்டம் கைவிடப்பட்டது. மரத்தையும் அரசியலையும் அவர் பிரிக்கவில்லை. 2004இல் நோபல் பரிசு அதற்குப் பிறகுதான் வந்தது.

இங்கே 2022 செப்டம்பரில், தாம்பரத்துக்கு அடுத்த வண்டலூரில் வைத்துத்தான் தமிழ்நாடு அரசு பசுமை இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 சதவீதமாக்குவது இலக்கு. அவ்வளவு மரத்துக்கு நிலம் எங்கிருந்து வரும்? பொறம்போக்கிலிருந்துதான் முதலில் எடுப்பார்கள். ஆகவே இப்போதே கேட்போம். எந்தக் கரையில் நடுகிறார்களோ அந்தக் கரையில் குடியிருப்பவர்கள், அதிலும் பெண்கள், முடிவெடுக்கும் குழுவில் இருக்க வேண்டும். குடியிருக்கிற நிலத்துக்குப் பட்டா கேட்கும் போராட்டத்தில் மரம் நடுகிறவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். மரத்தைச் சுற்றி முள்கம்பி போடுவதை நிறுத்த வேண்டும். ஆடு மேயாமல் பார்த்துக்கொள்ள எங்கள் தெருவுக்குத் தெரியும்.

எங்கள் ஏரிக்கரையில் அன்றைக்கு வைத்ததில் பாதி செத்துப்போச்சு. மீதி புங்கனும் பூவரசும் தழைத்து நிற்கிறது. பூவரசு இலையைச் சுருட்டிப் பிள்ளைகள் பீப்பீ ஊதுகிறார்கள். பலகையில் துரு ஏறி ரெண்டு பேர் அழிந்துவிட்டது. அந்தக் கன்றுகளுக்குக் கோடை முழுக்க அரிசி கழுவின தண்ணியை ஊற்றியது யார் யார் என்று ஆயா சொல்லச் சொல்ல, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன். குழி வெட்டினவர்கள் தனிப்பக்கம். இதுவரை முப்பத்தொரு பேர். உங்கள் கரையிலும் யாராவது ஒருவர் இப்படி ஒரு நோட்டுப் போடுங்கள். அடுத்த தடவை இடிக்க வருகிறவர்கள் "இங்க உங்களுக்கு என்ன இருக்கு" என்று கேட்கும்போது எடுத்துக் காட்ட அது வேண்டும்.